ஆறு இன்ச் ஐந்து நூல்

என் மச்சினன் சைகோனிலிருந்து வந்து இறங்கிய அன்றைக்கே எனக்கு அவனைப் பிடிக்காமல் போய்விட்டது. அவன் ஒன்றும் தப்பாக நடந்துகொள்ளவில்லை. அக்காவுக்குப் பட்டுத் துணி, எனக்கு ஒரு சவரக் கத்தி என்று பார்த்துப் பார்த்துத்தான் வாங்கி வந்திருந்தான். ஆனால் கூடவே ஓர் இரும்புப் பெட்டியும் வந்தது. கூடத்தில் அதைத் திறந்து வைத்தான். உள்ளே ஸ்பேனர்கள் அளவு வாரியாக வரிசையில் படுத்திருந்தன. ஒன்றுகூட வாய் தேய்ந்ததில்லை. என்னுடைய ஸ்பேனர்களில் பாதிக்குத் தகரத் துண்டைச் செருகினால்தான் நட்டைப் பிடிக்கும். நான் அந்தப் பெட்டியைப் பார்த்த பார்வையை என் மனைவி கவனித்துவிட்டாள். தம்பி கைகால் கழுவட்டும் என்று சொல்லிப் பெட்டியை அவளே மூடினாள்.

அப்போது காரைக்காலில் மோட்டார் மெக்கானிக் என்றால் நான்தான். இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். சைக்கிள் பம்பையும் கார்பரேட்டரையும் ஒரே மாதிரி தொடுகிறவர்கள், அவர்களைக் கணக்கில் சேர்க்க முடியாது. தருமபுரம் போகிற வழியில் கீற்றுக் கொட்டகை போட்டுப் பட்டறை வைத்திருந்தேன். வண்டியின் சத்தத்தைக் கேட்டே எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று சொல்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. எல்லையில் இருந்த சுங்கச் சாவடிகள் போய்விட்டதால் நாகப்பட்டினத்திலிருந்தும் மாயவரத்திலிருந்தும் லாரிகள் தாராளமாக ஊருக்குள் வந்தன. அவற்றில் புதிதாக டீசல் லாரிகளும் இருந்தன. பிளக் இல்லை, காயில் இல்லை, தீப்பொறி இல்லை. அந்த எஞ்சினை நான் வெளியிலிருந்து பார்த்ததோடு சரி.

அவன் அதற்குள்ளேயே பத்து வருடம் இருந்துவிட்டு வந்திருந்தான். பிரெஞ்சுப் பட்டாளத்து மோட்டார் பட்டறையில் வேலை. பட்டாளக்காரருக்குப் பிரெஞ்சில் சொல்கிற பெயரை வைத்து, சொல்தா, சொல்தா என்று தெருவில் மரியாதையாகக் கூப்பிட்டார்கள். சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு, தலைக்கு வாசனை எண்ணெய் தடவிக்கொண்டு, என் பட்டறைக்கு வந்து முக்காலியில் உட்காருவான். கால்மேல் கால் போட மாட்டான். போட்டிருந்தாலாவது திட்டுவதற்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும். மாதத்துக்கு ஒருமுறை காகித விஷயம் என்று புதுச்சேரிக்குப் போய்வருவான். பென்ஷனாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். உட்கார்ந்த இடத்தில் பணம் வரப்போகிறது என்று அதற்கும் ஒரு பங்கு வயிறு எரிந்தேன்.

ஊரில் ஒரு மரைக்காயர் முதலாளி இருந்தார். கருவாடும் நெல்லும் வியாபாரம். கடற்கரைக் குப்பங்களில் மீன் எடுத்து மணலிலேயே ஏற்றிக்கொண்டு வருவதற்கு அவரிடம் ஒரு பழைய பட்டாள வண்டி இருந்தது. சண்டை முடிந்ததும் ஏலத்தில் விட்ட வண்டி. டிஸ்போசல் வண்டி என்போம். நாலு சக்கரமும் இழுக்கும், மற்ற வண்டிகள் புதைகிற மணலில் அது ஏறிப் போகும். பெட்ரோலை மட்டும் வாய்க்கால் தண்ணீர் மாதிரி குடிக்கும். ஆறு வருடமாக அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டவன் நான். இருட்டில் கையை விட்டாலும் எந்த போல்ட் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

குரும்பகரம் பக்கம் ஒரு டீசல் லாரி வாய்க்காலில் கவிழ்ந்தது. முதலாளி அந்த லாரியை விலைபேசி, எஞ்சினை மட்டும் கழற்றி மாட்டு வண்டியில் கொண்டுவந்து என் பட்டறையில் இறக்கினார். இதைப் பட்டாள வண்டியில் ஏற்ற முடியுமா என்று கேட்டார். கேட்டது என்னை. பார்த்தது அவனை. முடியுங்க என்று அவன் சொன்னான். ஒரு மாதத்தில் முடித்துவிடலாம், அத்தானும் நானும் சேர்ந்து செய்கிறோம் என்றான். என் பட்டறையில் என் வாடிக்கைக்காரரிடம் என்னையும் சேர்த்துக்கொண்டான்.

அதோடு முதலாளி இன்னொன்றும் சொன்னார். அடுத்த வருடம் இரண்டு லாரி வாங்கப் போகிறார். சொந்தமாகப் பெரிய கொட்டகை போட்டு, அதற்கு ஒரு மேஸ்திரி வைக்கப் போகிறார். யார் என்று சொல்லவில்லை. நான் அன்றே முடிவுகட்டிவிட்டேன், இந்த எஞ்சின் வேலையை வைத்துத்தான் ஆளை எடுப்பார் என்று. எனக்கு அந்த மேஸ்திரி வேலை வேண்டும். அவனுக்குப் போனால் என் பட்டறைக்கு யார் வருவார்கள்? வீட்டில் அவனும் வெளியில் அவனும் என்றால் நான் எங்கே போவது?

வேலை ஆரம்பமானது. பழைய பெட்ரோல் எஞ்சினைப் படகுக்காரர்களின் கப்பியும் கயிறும் கட்டித் தூக்கி வெளியே எடுத்தோம். டீசல் எஞ்சின் அதைவிட இரண்டு பங்கு கனம். முதல்முறை இறக்கிப் பார்த்தபோதே, எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் நிற்கிற ஆயில் சம்ப் முன் ஆக்சிலில் இடித்தது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியில் எஞ்சினுக்கு நேர் கீழே முன் ஆக்சிலின் பல்சக்கரக் குண்டு வந்துவிடும், லாரியில் அந்தத் தொல்லை கிடையாது. சம்ப்பை வெட்டி வேறு மாதிரி செய்ய வேண்டும் என்று அவன் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினான். வெட்டியவன் நான். ஒட்டியவன் நான். ஒரு சொட்டு எண்ணெய் கசியாமல் கேஸ் வெல்டிங் வைத்தேன், அந்த மாதிரி ஒட்டு இந்த வட்டாரத்தில் எவனும் வைக்க மாட்டான். முன் ஸ்பிரிங் கனம் தாங்காமல் இறங்கியபோது கூடுதலாக இரண்டு பட்டை சேர்த்தவனும் நான்தான். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அவனைத்தான் கேட்டார்கள். சைகோனில் இதெல்லாம் எப்படிங்க, அங்கே லாரி எப்படிங்க என்று. அவனும் சளைக்காமல் சொன்னான். நான் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் நல்ல செருப்பு.

வீட்டிலும் அவன் ராஜ்ஜியம்தான். என் மனைவி வஞ்சிரம் வாங்கினால் நடுத்துண்டு அவனுக்கு, வால் எனக்கு. கேட்டால், தம்பி பத்து வருஷமா நம்ம குழம்பு சாப்பிடலை என்பாள். பத்து வருடம் என் வண்டவாளத்தோடு குடித்தனம் பண்ணியவள், அவன் வந்த பிறகு சிரித்த சிரிப்பை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. வால் துண்டைச் சாப்பிட்டுக்கொண்டே அவன் தட்டைப் பார்த்தவன் நான்.

எல்லாவற்றிலும் முக்கியமான சாமான் ஒரு பிளேட். லாரி எஞ்சினும் பட்டாள வண்டி கியர் பாக்ஸும் ஒன்றோடொன்று சேராது. நடுவில் தடித்த இரும்பு பிளேட் ஒன்று வைத்து, ஒரு பக்கம் எஞ்சினையும் மறு பக்கம் கியர் பாக்ஸையும் முடுக்க வேண்டும். கியர் பாக்ஸிலிருந்து நீளுகிற தண்டின் மூக்கு, எஞ்சின் ஃப்ளைவீலின் நடுவில் உள்ள ஒரு சின்னப் பித்தளை புஷ்ஷுக்குள் போய் உட்காரும். அந்த மூக்கும் புஷ்ஷும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். பிளேட்டில் ஓட்டை கொஞ்சம் தள்ளிப் போனாலும் புஷ் சூடேறித் தண்டைப் பிடிக்கத் தொடங்கிவிடும். கிளட்ச் வேலை பார்த்த எவனுக்கும் இது தெரியும், எனக்கும் தெரியும்.

அவன் இரண்டு நாள் உட்கார்ந்து அளந்து, ஒரு காகிதத்தில் படம் போட்டான். அளவெல்லாம் மில்லிமீட்டரில். இப்படி ஒரு பிளேட்டைக் கடைய நாகப்பட்டினத்தில்தான் லேத்து இருந்தது, லேத்துக்காரர் எனக்குப் பழக்கம். காகிதத்தை நான் கொண்டுபோவதாக ஏற்பாடு. புறப்படும்போது தன் வெர்னியரையும் எடுத்து நீட்டினான். அங்கே மில்லி அளவுகோல் இருக்காது, இதை வைத்து அளக்கச் சொல்லுங்கள் என்றான். எனக்கு அளக்கத் தெரியும் என்று சொல்லி அதை வாங்காமல் பஸ் ஏறினேன்.

உண்மையில் தெரியும். இந்த ஊரில் எங்களைப் போன்றவர்களுக்கு இரண்டு கணக்கும் வரும். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சுக்காரன் பாடம், அதில் மீட்டரும் மில்லியும். பட்டறைக்கு வந்தால் இன்ச்சும் நூலும், இன்ச்சுக்கு எட்டு நூல். லேத்துக்காரருக்கு நூல் மட்டும்தான் வரும், என் மச்சினனுக்கு மில்லி மட்டும்தான் வரும். இரண்டுக்கும் நடுவில் நின்றவன் நான் ஒருவன்தான்.

லேத்துக்காரர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது என்ன கணக்கு என்று கேட்டார். நான் ஒவ்வொரு அளவாக மாற்றிச் சொன்னேன். மற்றதையெல்லாம் ஒழுங்காகவே சொன்னேன். பிளேட்டை எஞ்சினில் நிறுத்தும் முளை ஓட்டைக்கும் நடு மையத்துக்கும் உள்ள தூரம் வந்தது. நூற்று அறுபத்தெட்டு மில்லி. ஆறு இன்ச் ஐந்து நூல் என்றால் அதைவிடக் கால் மில்லிக்குச் சற்று அதிகம். தடித்த காகிதம் இரண்டை அடுக்கி வைத்த கனம். நான் ஆறு இன்ச் ஐந்து நூல் என்றேன்.

லேத்துக்காரர் நல்ல வேலைக்காரர். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார்.

"சரியா அஞ்சு நூலுங்களா, இல்ல கொஞ்சம் குறையுமா? குறையும்னா சொல்லுங்க, பார்த்துக் கடையறேன்."

குறையும் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்து குறையும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த நேரத்தில் எனக்கு வஞ்சிரத்தின் நடுத்துண்டு ஞாபகம் வந்தது, அந்தச் செருப்பு ஞாபகம் வந்தது. படம் அவன் போட்ட படம், கெட்டால் அவன் பெயர்தான் கெடும் என்று தோன்றியது.

"அஞ்சுதான். போட்டுக்குங்க" என்றேன்.

பிளேட்டோடு திரும்பியபோது அவன் புதுச்சேரிக்குப் போயிருந்தான். நல்லதாகப் போயிற்று என்று அவன் வருவதற்குள் நானே பிளேட்டை எஞ்சினில் முடுக்கி, கியர் பாக்ஸையும் ஏற்றிவிட்டேன். மூக்கு புஷ்ஷுக்குள் கொஞ்சம் முரண்டு பிடித்துத்தான் போனது. அது எப்போதுமே கொஞ்சம் முரண்டு பிடிக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் வந்து குனிந்து பார்த்துவிட்டு, அளந்தீர்களா அத்தான் என்று கேட்டான். அளந்தேன் என்றேன். அக்கா புருஷன் சொன்ன பிறகு எப்படிக் கழற்றச் சொல்வான்? சரி என்று விட்டுவிட்டான்.

எஞ்சினை ஓட்டிப் பார்த்த காலையில் தெருவே கூடிவிட்டது. அவன் டீசல் குழாயில் ஒவ்வொரு மரையாகத் தளர்த்திக் காற்றை வெளியேற்றினான். நுரை நின்று எண்ணெய் தெளிவாக வந்ததும் முடுக்கிவிட்டு ஸ்டார்ட்டரை அமுக்கினான். மூன்று தடவை முக்கி, கரும்புகையைக் கக்கி, லாரி எஞ்சின் பட்டாள வண்டிக்குள் தடதடவென்று ஓட ஆரம்பித்தது. என் கைபட்ட வண்டி, என் ஒட்டு வைத்த சம்ப். அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்கும் உடம்பு சிலிர்த்தது. முதலாளி வந்து அவன் தோளைத் தட்டினார். பிறகு என் தோளையும் தட்டினார். இரண்டாவதாக.

பத்து நாள் வண்டி ஜோராக ஓடியது. சும்மா தார் ரோட்டில் ஓடியிருந்தால் அந்தத் தப்பு இன்னும் ஒரு மாதம் தாக்குப்பிடித்திருக்கும். பதினோராவது நாள், முதலாளி குப்பத்திலிருந்து கருவாட்டு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வர எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு அரசலாற்று முகத்துவாரம் பக்கம் போனார். அவன் ஓட்டினான், முதலாளி பக்கத்தில், நான் பின்னால் மூட்டைமேல். ஈர மணலில் ஏறுவதும் இறங்குவதுமாகக் கிளட்ச்சை மிதித்து மிதித்து வந்தான். தண்ணீர் ஓரத்தில் சரிவாக இறங்கும்போது வண்டியை நிறுத்தக் கிளட்ச்சை மிதித்தான். வண்டி நிற்கவில்லை. புஷ் பிடித்துக்கொண்டுவிட்டது. கிளட்ச் விட்டும் தண்டு எஞ்சினோடு சேர்ந்தே சுற்றுகிறது, கியர் கழல மறுக்கிறது, நாலு சக்கரமும் நிதானமாக எங்களை ஆற்றுக்குள் இழுத்துக்கொண்டு போகின்றன. எண்ணெயை நிறுத்தும் கம்பியை அவன் இழுத்த பிறகுதான் எஞ்சின் அடங்கியது. அதற்குள் முன் சக்கரம் முக்கால் முழுகியாயிற்று. முதலாளி வெள்ளைக் கைலியோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நடந்து கரையேறினார்.

எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன். குப்பத்து ஆட்கள் கயிறு கட்டி வண்டியை இழுத்தபோது நானும் ஒரு கை கொடுத்தேன். நான் இழுத்த வேகத்தைப் பார்த்து, மெக்கானிக்குக்கு வண்டிமேல் எவ்வளவு பாசம் என்று ஒருவர் சொன்னார்.

மறுநாள் காலை முதலாளி பட்டறைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்துகொண்டார். அவர் கண்முன்னாலேயே கியர் பாக்ஸை இறக்கினோம். புஷ் கருகி, தண்டின் மூக்கு நீலம் பாரித்திருந்தது. அவன் வெர்னியரை எடுத்து பிளேட்டை அளந்தான். இரண்டாவது தடவையும் அளந்தான். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் பதில் தயாராக வைத்திருந்தேன். காகிதத்தில் உள்ளதைத்தான் சொன்னேன், லேத்துக்காரன் கெடுத்திருப்பான் என்று சொல்ல வேண்டியதுதான். யார் தப்பு என்று முதலாளி கேட்டார்.

"நான்தாங்க முதலாளி. அளவு எடுத்ததுல கொஞ்சம் தவறிடுச்சு."

அவன் என்னைப் பார்த்துக்கொண்டே அதைச் சொல்லவில்லை. வெர்னியரைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னான். முதலாளி, புது பிளேட் போடுங்கள் என்றார். எழுந்து போகும்போது என் பக்கம் திரும்பி, புதுக் கொட்டகைக்கு நீங்கள்தான் மேஸ்திரி, அடுத்த மாதத்திலிருந்து வந்துவிடுங்கள் என்றார்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. இரண்டு நாள் சந்தோஷப்பட முயற்சி பண்ணினேன். முடியவில்லை. அவன் மட்டும் அன்றைக்கு, அத்தான்தான் கெடுத்தார் என்று கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அதோடு தீர்ந்திருக்கும். இப்போது மேஸ்திரி வேலையும் அவன் எனக்குப் போட்ட பிச்சை மாதிரி ஆகிவிட்டது. நல்லவன் என்ற பெயரையும் அவனே எடுத்துக்கொண்டு போகப் பார்க்கிறான் என்று வயிறு எரிந்தது. மூன்றாம் நாள் முதலாளியின் சரக்குக் கிட்டங்கிக்குப் போனேன். நேர்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். அவன் கொடுத்ததை அவன் முகத்தில் திருப்பி எறிய வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம்.

முதலாளி மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து, கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். லேத்துக்காரர் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சேர்த்தே சொன்னேன். மேஸ்திரி வேலையை அவனுக்கே கொடுத்துவிடுங்கள் என்றும் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்த எஞ்சின் வந்து இறங்குச்சே, அன்னைக்கே அவரைத்தான் கேட்டேன். நமக்கு மேஸ்திரியா வந்துடுங்கன்னு. பிரான்சுக்குப் போறேங்க, புதுச்சேரியில காகிதம் குடுத்திருக்கேன், எங்க அத்தானை வச்சுக்குங்க, அவரை மாதிரி கை சுத்தமான வேலைக்காரர் இங்க கிடையாதுன்னாரு. அப்பவே உங்களுக்குன்னு முடிவு பண்ணியாச்சு."

அதோடு அவர் விடவில்லை.

"என்னைத் தண்ணியில இறக்கினதுக்கு உங்களை வேணாம்னு சொல்லிடலாம். சொல்லிட்டு நான் யார்கிட்ட போறது? அவரும் போயிடுவாரு. போங்க, போயி வண்டியைப் பாருங்க."

பட்டறைக்கு எப்படித் திரும்பினேன் என்று தெரியவில்லை. முதல் நாளே எனக்கு என்று ஆகிவிட்ட வேலைக்காக, அதை எனக்கு வாங்கித் தந்தவனையே நான் கெடுத்திருக்கிறேன். பஸ் ஏறி நாகப்பட்டினம் வரை போய்க் கெடுத்திருக்கிறேன். கை சுத்தம் என்று அவன் சொன்ன கையால்.

அவன் வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். மடிப்புச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, வெறும் பனியனோடு, பழைய பிளேட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன். மாப்ளே, லேத்தில் நான்தான் அளவை மாற்றிச் சொன்னேன் என்றேன்.

"தெரியும் அத்தான். அந்தப் பக்கத்து நட்டைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க."

பிடித்துக்கொண்டேன். அவன் மறுபக்கம் திருகினான். போல்ட் வழுக்காமல், முனகாமல், இரண்டே திருகில் கழன்று அவன் உள்ளங்கையில் விழுந்தது. என்ன கை அது என்று நினைத்தேன். அவன் காலில் விழ வேண்டியவன், அந்த நிமிஷத்திலும் அவன்மேல் பொறாமைதான் பட்டேன்.